எலுமிச்சை இலையிலும் காயிலும் சொறி: பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படவில்லை

கேள்வி:
தென்காசிப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஏழு வயதான எலுமிச்சை மரம் ஒன்று நிற்கிறது. ஆடிச் சாரலுக்குப் பிறகு இலைகளில் மஞ்சள் வளையம் சூழ்ந்த பழுப்புப் புள்ளிகள் தோன்றின. இப்போது காய்களின் தோலிலும் அதே சொறி. மருந்துக் கடையில் கொடுத்த கார்பென்டாசிமை இருமுறை தெளித்தும் குறையவில்லை. என் தாயார் நட்ட மரம் என்பதால் வெட்ட மனம் வரவில்லை. இது என்ன நோய், மரத்தைக் காப்பாற்ற முடியுமா?

பதில் 1:
புள்ளியை விரலால் தடவிப் பாருங்கள். இலையின் இருபுறமும் மேடாக, தக்கை போலச் சொரசொரப்பாக இருந்தால் அது சொறி நோய்தான். இதை உண்டாக்குவது சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியா. கார்பென்டாசிம் பூஞ்சைக்கான மருந்து என்பதால், எத்தனை முறை தெளித்தாலும் பயன் இராது. மழைத்துளி தெறிக்கும்போதும் காற்று வீசும்போதும் இக்கிருமி பரவி, இலையில் இயல்பாகவே உள்ள நுண்துளைகள் வழியாகவும் முள் கீறிய காயங்கள் வழியாகவும் உள்ளே நுழைகிறது. மரத்தை வெட்ட வேண்டியதில்லை. சொறி தோலோடு நிற்கும் காய்களைத் தாராளமாகச் சமையலுக்குப் பயன்படுத்தலாம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் இளந்தளிர்களையும் பாருங்கள். வெள்ளிக் கோடு போல நெளிந்து செல்லும் தடங்கள் தெரிந்தால் இலைத்துளைப்பான் புழு இருக்கிறது. அது குடைந்த இடமே கிருமிக்கு வாசலாகிவிடுகிறது. புழுவை விட்டுவிட்டுச் சொறியை மட்டும் துரத்துவதால்தான் பலருக்கு நோய் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. துளிர் விடும் சமயத்தில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
தடங்கள் இருக்கின்றன, அவற்றைப் பூச்சி ஊர்ந்த அடையாளம் என்று நினைத்து விட்டுவிட்டேன். கிளைகளை இப்போதே கழிக்கலாமா?

பதில் 2:
சாரல் விழும் நாளில் கழிக்காதீர்கள். ஈரத்தில் வெட்டினால் நோயை நாமே பரப்பியவர்களாவோம். புரட்டாசியில் வெயில் காயும் நாட்களில், நோயுற்ற கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, ஐப்பசி மழைக்கு முன்பே 1 சதவீத போர்டோ கலவையைத் தெளியுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) 5 லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டர் நீரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் கலக்கியபடியே ஊற்ற வேண்டும். தேய்த்துத் துலக்கிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் முக்கி எடுக்கும்போது செம்புநிறம் படிந்தால், இன்னும் சுண்ணாம்பு நீர் சேருங்கள். இல்லையெனில் தளிர் கருகும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும், வேப்பங்கொட்டைச் சாற்றை இதனுடன் சேர்க்கக் கூடாது.

பதில் 3:
கலவை தயாரிப்பது கடினமென்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் போதும். எதுவாயினும் தாமிர மருந்து புதிய இலைகளையும் பிஞ்சுகளையும் காக்குமே தவிர, ஏற்கெனவே விழுந்த சொறியை மாற்றாது. ஆகவே, பழைய புள்ளிகள் மறையவில்லையே என்று மருந்தின் அளவைக் கூட்டிவிடாதீர்கள். அடுத்து வரும் தளிர் சுத்தமாக இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். தண்ணீரை இலைமேல் பீய்ச்சாமல் வேரடியில் விடுங்கள்.