சாட்டில் ஃபைல் ஏறவில்லை, சேனலில் மட்டும் ஏறுகிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸ் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆப்பின் சாட்டில் யாருக்கும் ஃபைல் அனுப்ப முடியவில்லை. வெறும் 4 எம்பி பிடிஎஃப். இழுத்துப் போட்டால் கோடு கடைசி வரை ஓடுகிறது, அப்புறம் சிவப்பில் பதிவேற்ற முடியவில்லை என்று வந்து நிற்கிறது, ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன், கேஷ் (ஆப் சேர்த்துவைக்கும் தற்காலிக ஃபைல்கள்) அழித்தேன், வைஃபையை அணைத்துவிட்டுப் போனில் மொபைல் டேட்டாவிலும் முயன்றேன், எங்கும் இதேதான். ஆனால் அதே ஃபைல் எங்கள் டீம் சேனலில், அதாவது டீமில் எல்லோரும் பார்க்கும் பொது இடத்தில், உடனே ஏறிவிடுகிறது. சாட்டில் ஸ்கிரீன்ஷாட் பேஸ்ட் செய்தால் அதுவும் போகிறது. நாளை மதியத்துக்குள் இன்னொரு பிரிவில் இருப்பவருக்கு இதை அனுப்பியாக வேண்டும், அவர் அந்த சேனலில் இல்லை. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பதில் 1

ஃபைல் பெயரைப் பாருங்கள். * : ? < > | மாதிரி குறி ஏதாவது இருந்தாலோ, பெயரின் முன்னாலோ பின்னாலோ ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருந்தாலோ ஏறாது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் மொத்தப் பாதை 400 எழுத்தைத் தாண்டினாலும் இதே தகராறுதான்.

கேட்டவர்

டெஸ்ட் என்று மட்டும் பெயர் வைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை.

பதில் 2

பெயரில் பிரச்சினை என்றால் சேனலிலும் ஏறியிருக்காது. சேனலில் போகிறது, சாட்டில் போகவில்லை என்கிறீர்களே, அதை வைத்தே பிடித்துவிடலாம். பார்க்க ஒரே ஆப், ஆனால் ஃபைல் போய்ச் சேரும் இடம் வேறு. சேனலில் போடுவது அந்த டீமின் ஷேர்பாயின்டுக்கு, அதாவது டீமுக்குப் பொதுவான ஆன்லைன் சேமிப்பிடத்துக்குப் போகும். சாட்டில் போடுவது அனுப்புகிறவருடைய சொந்த ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்டிரைவில் உட்காரும், எதிரில் இருப்பவருக்குப் போவது அதைத் திறக்கும் அனுமதிதான். பேஸ்ட் செய்கிற படம் இந்த இரண்டுக்கும் போவதில்லை, அதனால்தான் தப்பிக்கிறது. ஆக, உங்கள் ஒன்டிரைவ் நிரம்பியிருக்க வேண்டும், இல்லை பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

உறுதி செய்ய, பிரவுசரில் டீம்ஸைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள், நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், சிவப்பாக வரும் வரியில் ஓர் எண் இருக்கும். 403 என்றால் அனுமதி இல்லை, 413 என்றால் அனுப்பியது அளவுக்கு மிஞ்சியது, 507 என்றால் வைக்க இடமில்லை. எந்த ஆப்பாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், ஏனென்றால் திரையில் வரும் செய்தி எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இருக்கும், எண் மாறும்.

கேட்டவர்

507 வருகிறது! ஒன்டிரைவ் செட்டிங்ஸில் பார்த்தால் 100 ஜிபியும் தீர்ந்திருக்கிறது. உள்ளே முழுக்க மீட்டிங் ரெக்கார்டிங், 70 ஜிபிக்கு மேல், இவை என் கணக்கில் சேர்கின்றன என்றே எனக்குத் தெரியாது. பழையதை எல்லாம் அழித்துவிட்டேன், இன்னமும் ஏறவில்லையே?

பதில் 2

அழித்தது ரீசைக்கிள் பின்னில் இருக்கிறது. ஆபீஸ் கணக்கில் அது 93 நாள் வரை அங்கேயே கிடக்கும், அந்த இடமும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். பின்னைக் காலி செய்யுங்கள், அப்புறம் அதே பக்கத்தின் அடியில் இரண்டாம் கட்ட ரீசைக்கிள் பின்னுக்கு ஒரு லிங்க் இருக்கும், அதையும் திறந்து காலி செய்யுங்கள், பலர் விடுவது இதைத்தான். ஆனால் ரெக்கார்டிங் வேறு யாருக்கும் தேவையில்லை என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள், அங்கிருந்தும் போனால் நீங்களாக மீட்க முடியாது. காலி செய்ததும் இடம் உடனே கூடித் தெரியாது, கொஞ்சம் பொறுங்கள். அதற்குப் பிறகும் குறையவில்லை என்றால் உங்கள் நிறுவனம் ஃபைல்களைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்கும் விதி போட்டிருக்கலாம். அப்போது நீங்கள் அழித்தாலும் ஒரு பிரதி உள்ளே மறைவாக இருந்துகொண்டு இடத்தைப் பிடிக்கும், அட்மின்தான் கை வைக்க முடியும்.

நாளைய வேலைக்கு, ஃபைலைச் சேனலில் ஏற்றி, ஷேர் கொடுக்கும்போது குறிப்பிட்ட நபர் என்பதைத் தேர்ந்தெடுத்து அவர் பெயரைப் போட்டு, அந்த லிங்க்கைச் சாட்டில் அனுப்புங்கள். அவர் சேனலில் இல்லாவிட்டாலும் திறக்கும்.

பதில் 3

கூகுள் டிரைவ் பயன்படுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். இலவசக் கணக்கின் 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் இல்லை, ஜிமெயிலும் ஃபோட்டோஸும் அதில்தான் பங்கு. டிரைவ் டிராஷில் கிடப்பது 30 நாள் கழித்துத் தானாகப் போகும், அதுவரை கணக்கில் சேரும்.

பதில் 4

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், என் சிக்கலும் கிட்டத்தட்ட இதுதான். நீளமான தமிழ்ப் பெயர் வைத்த ஒரு ஃபைல் ஒன்டிரைவில் ஏறுகிறது, எங்கள் ஆபீஸின் லினக்ஸ் சர்வரில் பெயர் நீளம் என்று திருப்பி அனுப்புகிறது. எண்ணினால் நூறு எழுத்துகூட இல்லை.

பதில் 2

லினக்ஸில் ஒரு பெயருக்குப் பொதுவாக 255 பைட் வரைதான் இடம், அது எழுத்துக் கணக்கு இல்லை. பைட் என்பது கணினி இடத்தை அளக்கும் சின்ன அலகு. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறிதான். தமிழ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கு மூன்று எழுத்து, உள்ளே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து, ஆக 15 பைட். எல்லாம் தமிழாகவே இருந்தால் 85 குறிகளோடு முடிந்துவிடும். தமிழிலேயே வையுங்கள், அதை விட வேண்டாம், நாற்பது எழுத்துக்குள் குறுக்கினால் போதும்.

கேட்டவர்

இரண்டு பின்னையும் காலி செய்து ஒரு மணி நேரத்தில் 31 ஜிபிக்கு இறங்கிவிட்டது. இப்போதுதான் சாட்டிலேயே அனுப்பினேன், அவர் திறந்து பார்த்துவிட்டதாகச் சொன்னார். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், பொறுமையாகச் சொன்ன எல்லோருக்கும் மிக்க நன்றி.