மறு: சி3, சி4 புற்களுக்குத் தமிழ்ப்பெயர்

> குளிர்புல், வெயிற்புல் என்று வைத்தால் மாணவர்களுக்கு உடனே புரியும். பருவநிலை மாறும்போது எது தழைக்கும், எது நலியும் என்பதும் பெயரிலேயே தெரிந்துவிடும்.

வணக்கம் ஐயா,

சி3, சி4 என்பவை ஒளிச்சேர்க்கை செய்யும் முறையால் பிரித்த இரு வகைப் புற்கள். சி3க்குக் குளிர்புல், சி4க்கு வெயிற்புல் என்கிறீர்கள். வெயிற்புல் அழகான சொல். ஆனாலும் கலைச்சொல்லாக ஏற்கத் தயங்குகிறேன். நீங்கள் சொல்லும் இரண்டாவது காரணம்தான் என்னைத் தயங்க வைக்கிறது.

அமெரிக்காவின் மினசோட்டாவில், சீடார் கிரீக் புல்வெளித் திட்டுகளுக்கு 1998 முதல் திறந்தவெளியிலேயே கரியமிலவாயுவைக் கூட்டிக் கொடுத்தார்கள். காற்றில் இருப்பதைவிடப் பத்து லட்சத்தில் 180 பங்கு அதிகம். சி4 புல் இலைக்குள்ளேயே அந்த வாயுவைச் செறிவாக்கிக்கொள்ளும். அதனால் வெளியே கூடினாலும் அதற்குப் பெரிய லாபமில்லை, சி3 புல்தான் செழிக்கும் என்பது பாடநூல் கணக்கு. முதல் 12 ஆண்டு அப்படித்தான் நடந்தது. அடுத்த 8 ஆண்டில் எல்லாம் தலைகீழ்! சி4 திட்டுகள் கூடுதலாகத் தழைத்தன, சி3 திட்டுகளில் அந்தக் கூடுதல் வளர்ச்சி காணாமல் போனது. மண்ணில் வேருக்குக் கிடைக்கும் தழைச்சத்து இரு வகைத் திட்டுகளிலும் எதிரெதிராக மாறியது ஒரு காரணமாகலாம் என்று ஆய்வுக்குழு 2018இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது.

எந்தப் புல் எந்தச் சூழலில் வெல்லும் என்பது இன்னும் ஆய்வில் இருக்கும் கேள்வி. அதற்கு விடையைப் பெயருக்குள் எழுதிவிடக் கூடாது. தவிர, நெல்லும் மூங்கிலும் சி3தான். நெல்லைக் குளிர்புல் என்றால் எந்த விவசாயி ஒப்புவார்?

மாறாதது வேதியியல். ஒளிச்சேர்க்கையில் முதலில் உருவாகும் சேர்மத்தில் மூன்று கரிம அணு என்றால் சி3, நான்கு என்றால் சி4. ஆகவே முக்கரிமப் புல், நாற்கரிமப் புல் என்கிறேன். முக்கோணம், நாற்கோணம் பழகிய நாவுக்கு இவை சிரமமாக இராது. நெல், கோதுமை முக்கரிமம். சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு, அருகு நாற்கரிமம். நாற்கரி என்று சுருக்க வேண்டாம். யானையும் அடுப்புக்கரியும் குறுக்கே வரும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. சப்பாத்திக்கள்ளி போன்றவை இரவில் வாயுவை உள்வாங்கி, அவையும் நான்கு கரிம அணு உள்ள அமிலமாகவே சேமிக்கின்றன. அவற்றை நாற்கரிமத்திலிருந்து பிரித்துக்காட்ட 'இரவேற்புத் தாவரம்' எனலாமா? தாவரவியல் கற்பிப்பவர்கள் சொல்லுங்கள்.