குளிப்பாட்டும்போது அடிக்கும் முதியவர்கள்: ஆன்லைன் வகுப்பு போதுமா?

கேள்வி:
முதியோர் இல்லத்தில் மறதி நோய் உள்ளவர்கள் குளிக்கும் நேரத்தில்தான் அதிகம் கை ஓங்குகிறார்கள், கிள்ளுகிறார்கள். பராமரிப்பாளர்களுக்கு ஆன்லைன் வகுப்பு மட்டும் போதுமா?

பதில் 1:
எப்படிப் பேசுவது, எங்கே நிற்பது இதெல்லாம் வீடியோவில் வரும். முதியவர் நம்ம கையைப் பிடிச்சா அந்தப் பிடியிலிருந்து விடுபடுவது வராது, நேரில்தான் பழகணும். வெடுக்குனு இழுத்தா அவர் தோல் கிழியும். அவரோட கட்டைவிரல் பக்கமா கையைத் திருப்புங்க, பிடி தானா தளரும்.

பதில் 2:
குறிப்பு எழுதச் சொல்லித்தராத வகுப்பு வீண். முன்னாடி என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், நாம என்ன செய்தோம்னு மூணு கட்டம். ‘கோபப்பட்டார்’னு எழுதினா ஒண்ணும் தெரியாது. ‘காலை 6.40, தலையில் தண்ணி ஊத்தினதும் கிள்ளினார்’னு எழுதினா வழி தெரியும்: பாதத்தில் ஆரம்பிங்க, தோளில் துண்டு இருக்கட்டும், தலை கடைசியில். வராட்டி விடுங்க, 20 நிமிஷம் கழிச்சு வேற ஆள் போகட்டும்.

பதில் 3:
ரெண்டே நாளில் முதியவரோட குணம் மாறினா அது வகுப்பு விஷயம் இல்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி இருக்கான்னு டாக்டர் பார்க்கணும். மாத்திரையை நீங்களா கூட்டாதீங்க. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு சில மனநோய் மருந்துகளால் இறப்பு அபாயம் கூடும்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது.