க்ரூகரில் சொந்தமாகக் கார் ஓட்டி 5 இரவு: இந்த வரிசை சரிவருமா?

கேள்வி:
ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா. பால் க்ரூகர் கேட் வழியாக நுழைந்து ஸ்குகுசா, சதாரா, லெடாபா, ஷிங்வெட்சி, புண்டா மரியா என முகாமுக்கு ஓர் இரவு. வாடகைக்கு சாதாரண செடான் கார். இருவர், முதல் முறை. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1:
மாதத்தை மாற்ற வேண்டாம். வறண்ட பருவம், இலை உதிர்ந்து புல் தாழ்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். மாற்ற வேண்டியது முகாம் வரிசை. ஸ்குகுசாவிலிருந்து சதாரா சுமார் 92 கி.மீ.தான். ஆனால் தார்ச்சாலையில் வேக வரம்பு 50, மண்சாலையில் 40. நின்று பார்த்துப் போனால் மணிக்கு 20, 25 கி.மீ. தேறினாலே அதிகம். இந்தத் திட்டப்படி போனால் விடிந்ததும் கிளம்பி, கேட் மூடுவதற்குள் அடுத்த முகாமைப் பிடிப்பதிலேயே பொழுது போய்விடும். ஆகஸ்டில் கேட் காலை 6 முதல் மாலை 6 வரை. தாமதமாக வந்தால் அபராதம்.

வடக்கை, அதாவது லெடாபா, ஷிங்வெட்சி, புண்டா மரியாவை விட்டுவிடுங்கள். அங்கே மொபானி மரக்காடு அடர்த்தி. யானையும் பறவைகளும் உண்டு, சிங்கம் பார்ப்பது கடினம். லோயர் சாபி முகாமில் 3 இரவு, சதாராவில் 2 இரவு போதும். சாபி ஆற்றை ஒட்டிப் போகும் எச்4-1 சாலையில் சிறுத்தைக்கு நல்ல வாய்ப்பு. சதாராவில் விடிந்ததும் எஸ்100 மண்சாலை. தார்ச்சாலைக்கும் முக்கிய மண்சாலைகளுக்கும் செடான் போதும்; ஆனால் இருக்கை உயரமான வண்டியில் புல்லுக்கு மேலே பார்வை எட்டும். அதற்காகக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுக்கலாம்.

பதில் 2:
முகாம் அறைகளைப் பூங்கா நிர்வாகத்தின் சான்பார்க்ஸ் தளத்தில் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். ஆற்றைப் பார்த்த அறைகள் முதலில் தீரும். இருட்டியபின் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. இரவு விலங்குகளைப் பார்க்க முகாம் நடத்தும் மாலைச் சவாரிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். திறந்த வண்டி, குளிர் எலும்பைத் துளைக்கும், கம்பளி மேலாடை அவசியம்.

இது மலேரியாப் பகுதி. ஆகஸ்டில் ஆபத்து குறைவு, இல்லாமல் போவதில்லை. மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுங்கள். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பியபின் 7 நாள், டாக்சிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும். பலர் பாதியில் நிறுத்துவது இங்கேதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, வடக்கை நீக்கிவிட்டேன். யானை சாலையை மறித்தால்?

பதில் 1:
எஞ்சினை அணைக்காதீர்கள். பின்வாங்க இடம் இருக்கும் தூரத்திலேயே நில்லுங்கள். பின்னால் இன்னொரு கார் ஒட்டி நின்றால்தான் சிக்கல். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் வழிந்து, பின்னங்கால்கள் சிறுநீரில் நனைந்திருந்தால் அது மதம் பிடித்த ஆண். மெதுவாகப் பின்னே எடுத்து விலகுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே வண்டியை விடாதீர்கள். ஹாரன் கூடவே கூடாது.

பதில் 2:
யானையைவிடத் தினசரித் தொல்லை குரங்கும் பபூனும். பல முகாம்களில் சமையலிடமும் குளிர்பெட்டியும் திண்ணையில் இருக்கும். பெட்டிக் கதவைப் பூட்டாமல் போனால் உணவு மிஞ்சாது.