ஸ்பாய்லருக்கு ஒரு தமிழ்ச் சொல் வேணும், ஞாயிறுக்குள்ள

கோவை மாடரேட்டர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சில்க்சாங்னு ஒரு வீடியோ கேம், அதை ஆடுற தமிழ்ப் பசங்களுக்கு டிஸ்கார்ட்ல (அரட்டைச் செயலி) ஒரு குழு நடத்துறோம். விதிமுறை இவ்வளவு நாளா இங்கிலீஷ்லயே கிடந்தது, ஒருத்தனும் படிக்கல, படிக்காமலே வந்து அடுத்த பாஸ் (பெரிய எதிரி) யாரு, எப்படிச் சாகுறான்னு பொதுச் சேனல்ல எழுதிட்டுப் போறாங்க, அழிச்சா 'எந்த ரூல்ல இருக்கு'ன்னு சண்டை. அதனால தமிழ்ல எழுதி ஞாயித்துக்கிழமை பின் பண்ணப்போறோம். மாடரேட்டர்க்கு மட்டுறுத்துநர், ம்யூட்டுக்கு வாய்ப்பூட்டு (இது பசங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, இப்பவே ஒருத்தனை ஒருத்தன் மிரட்டிக்கிறாங்க). ஸ்பாய்லர், அதாவது தெரியாதவன் கிட்ட முன்னாடியே சொல்லிக் கெடுக்கிறது, அதுல வந்து நிக்குது.

இந்த கேமுக்கு அது சின்ன விஷயம் இல்லைங்க. 2019 பிப்ரவரியில அறிவிச்சு, 2025 செப்டம்பர் 4-ல தான் வெளிவந்தது. அதைச் செஞ்ச டீம் செர்ரி விமர்சகர்களுக்குக்கூட முன்னாடியே காப்பி குடுக்கல, எல்லாரும் ஒரே நேரத்துல ஆரம்பிக்கட்டும்னு. ஆறு வருஷத்துக்கு மேல காத்திருந்தவன் கிட்டப் போய் முடிவைச் சொன்னா அவன் சும்மா இருப்பானா? சொல் சின்னதா இருக்கணும், எச்சரிக்கைப் பலகையில தனியா நிக்கணும், 'பண்ணாதே'ன்னு வினையாவும் சொல்ல வரணும். நான் யோசிச்சது கதைக்கசிவு.

சென்னை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

கசிவு வேண்டாம் தம்பி, அது லீக்குக்கு வேணும். 2023 மே 12 வரவேண்டிய செல்டா கேம், டியர்ஸ் ஆஃப் த கிங்டம், கிட்டத்தட்ட ரெண்டு வாரம் முன்னாடியே இணையத்துல வந்துருச்சே, அதுதான் கசிவு. அடுத்த வருஷம் அதைச் செஞ்ச நிண்டெண்டோ, அந்த மாதிரி கேமைக் கம்ப்யூட்டர்ல ஓட்ட விடுற யூஸு எமுலேட்டர் ஆளுங்க மேல கேஸ் போட்டு 24 லட்சம் டாலர்ல முடிஞ்சது. காசு குடுத்து வாங்கி ஒழுங்கா ஆடி முடிச்சவன் ஆர்வத்துல உளறுறது வேற. ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா நாளைக்கு யாரைத் தூக்கணும் யாரை எச்சரிச்சு விடணும்னு உங்களுக்கே குழம்பும்.

டொராண்டோ அக்கா எழுதியது:

எங்கட பக்கத்தில கதைக்கிறது எண்டா பேசுறது தானே. கதைக்கசிவு எண்டு பாத்தவுடன எனக்கு ஆரோ ஒட்டுக்கேட்ட மாதிரிக் கிடக்கு. எங்கட வீட்டில படம் பாக்கேக்க மகன் முடிவைச் சொன்னா 'போட்டு உடைச்சுப்போட்டான்' எண்டுதான் சொல்லுறனாங்கள். அதில இருந்து ஏதாவது எடுக்கேலாதோ?

நெல்லைத் தமிழாசிரியர் எழுதியது:

அன்பர்களே, முதலில் எது கெடுகிறது என்று பார்க்க வேண்டாமா? கதை கெடவில்லை, அது அங்கேயேதான் இருக்கிறது. கெடுவது கேட்பவனின் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்ச்சி. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்கிறார், நான்காவது மருட்கை, அதாவது வியப்பு. அது எதில் பிறக்கும்? 'புதுமை பெருமை சிறுமை ஆக்கம்'. பட்டியலில் முதலில் நிற்பதே புதுமை! புதுமை போனால் மருட்கை போயிற்று. ஆகவே மருட்கேடு. மூன்றே மாத்திரையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், எண்ணிப் பார்த்தால் கூடத்தான் வருகிறது, ஆனாலும் சுருக்கம்தான்.

கோவை மாடரேட்டர் எழுதியது:

ஐயா, ரொம்ப அழகா இருக்கு, ஆனா பதினேழு வயசுப் பையன் 'மருட்கேடு எச்சரிக்கை'ன்னு பாத்தா அவனே மருண்டு ஓடிருவான்.

மதுரைத் தோழர் எழுதியது:

புரியலைன்னா சொல்லிக்குடுங்க, புரியலைன்னு எறியாதீங்க. உலாவி, மின்னஞ்சல் எல்லாம் முதல் நாளே புரிஞ்சுதா? ஐயா சொன்னதுல எனக்குப் பிடிச்சது கேடு. ஆனா இன்னொண்ணு பாருங்க, முடிச்சவிழ்ப்பு. கதைக்கு முடிச்சு இருக்கு, அதை அவிழ்க்கிறான். விடுகதைக்கும் அவிழ்க்கிறதுன்னு தானே சொல்றோம்?

சென்னை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அப்போ அதைச் செய்றவன் பேரு? முடிச்சவிழ்க்கி! 😂 விதிமுறையில 'முடிச்சவிழ்க்கிகள் நீக்கப்படுவர்'னு போட்டுப் பாருங்க, பசங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்துருவாங்க.

மதுரைத் தோழர் எழுதியது:

செய்றதும் ஒரு வகையில திருட்டு தானே. அது சரி, மட்டுறுத்துநரா மட்டுறுத்துனரா? விதிமுறையில முதல் வரியிலயே தப்பா இருந்துடக் கூடாது. ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் மாதிரி 'நர்' தான் சரி.

(இதுக்கு மேல வந்த பதினோரு பதில் 'நர்', 'னர்' பத்தினது. அதை இங்க சேர்க்கல. முடியவும் இல்ல.)

நெல்லைத் தமிழாசிரியர் எழுதியது:

ஓர் ஐயம். இந்தக் கருத்தே நமக்கு உரியதுதானா? சிலப்பதிகாரத்தைத் திறந்தால் முதலில் பதிகம், முன்னுரை போல. கோவலன் பொருள் இழந்தது, சிலம்பு விற்கப் போனது, பொற்கொல்லன் செய்தது, கொலை, மதுரை எரிந்தது எல்லாம் அங்கேயே வந்துவிடுகிறது, போதாதென்று முப்பது காதைக்கும் பெயரை வரிசையாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் நாம் படிக்கவில்லையா? கண்ணகியும் தன் கனவைத் தேவந்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். தெரிந்த கதையை எப்படிச் சொல்கிறான் என்று பார்ப்பதுதான் நம் மரபு. சொல் இல்லாததற்குக் காரணம் தேவை இல்லாததே.

கோவை மாடரேட்டர் எழுதியது:

ஐயா, இளங்கோவடிகள் கதையில படிக்கிறவன் கையில ஊசி (இந்த கேம்ல அதுதான் ஆயுதம்) குடுத்து சண்டை போடச் சொல்லல. இதுல ஆடுறவனே வழியைத் தேடணும், எந்தச் சுவத்துக்குப் பின்னாடி அறை இருக்குன்னு தட்டித் தட்டிப் பாக்கணும், அந்தத் தேடல் தான் கேமே. எங்க கஷ்டத்தைக் கேளுங்க. டிஸ்கார்ட்ல வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் ரெண்டு ரெண்டு செங்குத்துக் கோடு போட்டா மறைஞ்சுடும், தட்டினாத்தான் தெரியும். ஆனா மறைச்சதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம தட்டித் தொலைக்கிறாங்க, அதனால முன்னாடி எந்தப் பகுதின்னு எழுதுங்கன்னு விதி வச்சோம். வச்ச அன்னைக்கே ஒருத்தன் 'மூணாவது ஆக்ட்'னு (கேமோட மூணாவது பாகம்) எழுதினான். மூணாவது ஆக்ட் ஒண்ணு இருக்குங்கறதே ஸ்பாய்லர், நிறையப் பேர் அது தெரியாமலே ஒரு முடிவைப் பாத்துட்டு கேம் முடிஞ்சுதுன்னு நினைச்சிருப்பாங்க! தலைப்பு, படம், பாஸ் மூஞ்சியை வச்சு செஞ்ச எமோஜின்னு எல்லாத்துலயும் வந்து நிக்குது.

டொராண்டோ அக்கா எழுதியது:

தம்பி, நான் ரெண்டாவதில தான் நிக்கிறன். நல்லாச் சொன்னீர்.

கோவை மாடரேட்டர் எழுதியது:

ஐயோ அக்கா, மன்னிச்சுக்கோங்க.

சென்னை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சரி, அக்கா சொன்ன உடைப்புக்கே வருவோம். உடைப்புன்னு தனியா விட்டா ரெண்டு சிக்கல். ஊர்ல உடைப்புன்னா ஏரிக்கரை உடைப்பு, அது பரவாயில்ல, கேம்ல யாரும் குழம்ப மாட்டாங்க. ஆனா இந்த மாதிரி கேம்ல சீக்வென்ஸ் பிரேக்னு ஒண்ணு இருக்கு, வரிசையைத் தாண்டி முன்னாடியே ஒரு இடத்துக்குப் போறது, ஸ்பீட்ரன் பண்றவங்க (எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்னு ஓடுறவங்க) அதையும் உடைக்கிறதுன்னு தான் சொல்வாங்க. அதனால கதையுடைப்பு. 'கதையை உடைக்காதே', 'கதையுடைப்பு இருக்கு', மூணு இடத்துலயும் உக்காருது.

மதுரைத் தோழர் எழுதியது:

விடுகதை மாதிரி உடைகதைன்னு வச்சா? வினைத்தொகை, உடைத்த கதை, உடைக்கிற கதை, உடைக்கும் கதை, மூணு காலமும் ஒரே சொல்லுக்குள்ள.

டொராண்டோ அக்கா எழுதியது:

வடிவு தான், ஆனா உடைஞ்சுபோன கதை எண்டு விளங்கும். நான் கதையுடைப்புக்கு.

சென்னை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நானும். காப்பிக்கு வச்ச குளம்பி கதி இதுக்கும் வரக்கூடாது. செல்ஃபிக்கு தம்படம், தாமி, சுயமின்னு மூணு வச்சு ஜனங்க கடைசியில செல்ஃபின்னே சொல்றாங்க. விதியில கதையுடைப்புன்னு எழுதுங்க, சேனல் பேர் ஸ்பாய்லர்னே இருக்கட்டும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாத்தா தானா ஒட்டிக்கும்.

மதுரைத் தோழர் எழுதியது:

சேனல் பேர்ல ஆங்கிலம் இருந்தா எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க, விதியை எவன் படிக்கிறான்னு தம்பியே முதல் மடல்ல சொல்லியாச்சு. என் எதிர்ப்பைப் பதிவு பண்ணிக்கோங்க. ஸ்பாய்லர்னே போடுறதா இருந்தா குறைஞ்சது இசுபாய்லர்னு போடுங்க.

கோவை மாடரேட்டர் எழுதியது:

தோழர், அதுக்கு மருட்கேடே பரவாயில்ல. நேரம் இல்ல, கதையுடைப்புன்னு போட்டு பின் பண்ணிட்டேன். நாலு பேர் லைக் போட்டாங்க, ஒருத்தன் 'கதையா? இந்த கேம்ல கதை இருக்கா? நான் அடி வாங்கிட்டே இருக்கேன்'னு கேக்குறான். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ஸ்பாய்லர் இல்லாம லேசா வழி மட்டும் காட்டுறது, ஹின்ட். அதுக்குத் துப்புன்னு போட்டுட்டேன், சரிதானே?

நெல்லைத் தமிழாசிரியர் எழுதியது:

மருட்கேடு தோற்றதில் வருத்தம் உண்டு, என் மாணவர்களிடம் அதைத்தான் சொல்வேன். துப்பு பற்றி: அவசரப்பட வேண்டாம். 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்ற குறளில் அது உணவு. வலிமை, பவளம் என்றும் பொருள் உண்டு. உளவு என்ற பொருள் எப்போது ஏறியது என்று பார்த்துவிட்டு நாளை விரிவாக எழுதுகிறேன்.