புதுப்பிப்பு: நியூயார்க் போய் வந்துவிட்டேன்

ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் இளைஞர் மாநாட்டுக்கு இடம் கிடைத்திருக்கிறது, நம்பிப் போகலாமா என்று கேட்டிருந்தேனே, போய் வந்துவிட்டேன். ‘பதிவுக் கட்டணம் கேட்டால் மோசடி’ என்று எச்சரித்தவர்களுக்கு நன்றி. யாரும் காசு கேட்கவில்லை. விசாவுக்கு 185 டாலர், விமானம், தங்குமிடம் எல்லாம் என் தலையில்தான்.

பேச்சுகளைக் காதுக்கருவியில் ஆறு மொழிகளில் கேட்கலாம். போரடித்தபோது சும்மா அரபிக்கு மாற்றிக் கேட்டேன்! எனக்குக் கிடைத்தது ஒன்றரை நிமிடம். எழுதிவைத்ததில் பாதிகூடப் படித்து முடிக்கவில்லை.

சரி, உருப்படியான பேச்சு காபி வரிசையில்தான் நடந்தது. 2017-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபிறகு கடைத்தெரு எப்படி மாறியது என்று கென்ய மாணவி ஒருத்தி சொன்னாள். நான் பையிலிருந்த மஞ்சப்பையை எடுத்துக் காட்டினேன். அதை அவளே வாங்கிக்கொண்டாள்.