மெய்யழகன் பாதியில நின்னுடுச்சு, சுழல் 2 ஓடுது: குறை படத்துலயா, பார்க்கிற விதத்துலயா?

பாலக்கோடு பார்வை:
வணக்கம் நண்பர்களே. வீட்டுல 43 இஞ்ச் எல்ஜி டிவி, ஃபயர் ஸ்டிக். நெட்டுக்கு போன் ஹாட்ஸ்பாட் தான், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. நெட்ஃபிளிக்ஸ்ல மெய்யழகன் படம் போட்டோம். கல்யாண மண்டபம் வரைக்கும் எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க. ராத்திரி காட்சி ஆரம்பிச்சதும் முகமே தெரியலை, பேசுறது காதுல விழலை, கடைசி அரை மணி நேரம் சுத்திக்கிட்டே நின்னுடுச்சு. "இழுவை"ன்னு சொல்லி எழுந்து போயிட்டாங்க. அதே வீட்டுல சுழல் வெப் தொடரோட இரண்டாம் சீசனை விடாம பார்க்கிறாங்க, ஆனா முதல் சீசன் அளவுக்கு இல்லைன்னும் சொல்றாங்க.

படம் நிஜமாவே நீளமா, இல்ல நாங்க பார்த்த விதம் தப்பா? பத்தாவது படிக்கிற பொண்ணோட சேர்ந்து பார்க்கிற மாதிரி அடுத்து என்ன போடலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர் ஒலி ஒளி:
சார், நீங்க சொன்ன மூணுமே டிவி, நெட் பக்கத்து கோளாறு. படத்தை இப்போதைக்கு விட்டுடுங்க.

முதல்ல இருட்டு. கடையில இருந்து வர்ற டிவி சிலது 'விவிட்' மோடுல இருக்கும். அது வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக்கி, நிழலை ஒரே கருப்பா அமுக்கிடும். மெய்யழகன்ல பின்பாதி ஏறக்குறைய முழுக்க ராத்திரி. விளக்கொளியில, நிலா வெளிச்சத்துல இரண்டு பேர் பேசுறது தான் படமே. அந்த நிழல்ல இருக்கிற முகபாவம் போச்சுன்னா மிஞ்சுறது வெறும் பேச்சு. பிக்சர் மோடை 'சினிமா' இல்லன்னா 'ஃபிலிம்மேக்கர்'னு மாத்துங்க. முதல் பத்து நிமிஷம் மஞ்சளா தெரியும், கண்ணு பழகிடும், பயந்து திருப்பி மாத்திடாதீங்க. 'ட்ரூமோஷன்' ஆஃப் பண்ணுங்க. (சாம்சங்ல 'பிக்சர் கிளாரிட்டி', சோனியில 'மோஷன்ஃப்ளோ'.) சினிமா நொடிக்கு 24 பிரேம். டிவி நடுவுல தானா பிரேம் செஞ்சு சொருகும்போது தான் நல்ல படமும் மெகா சீரியல் மாதிரி வழவழன்னு ஆகுது. திரைக்கு நேர் எதிர் சுவத்துல ட்யூப்லைட் இருந்தா அணைச்சுட்டு, டிவிக்குப் பின்னாடி ஒரு சின்ன பல்பு போடுங்க.

அடுத்து பேச்சு. 5.1 ஒலியில ஆறு தடம் இருக்கு. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குன்னே கலந்தது. உங்க டிவியில நடு ஸ்பீக்கர் கிடையாது. அதனால அந்தத் தடத்தை வழக்கமா 3 டெசிபல் குறைச்சு இரண்டு பக்கமும் பிரிச்சு அனுப்பும். பின்னணி இசை அது மேல ஏறிடும், நீங்க சவுண்டு வைப்பீங்க, அடுத்த பாட்டுல குறைப்பீங்க. ஃபயர் ஸ்டிக்ல செட்டிங்ஸ், டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ், ஆடியோ, அங்க சர்ரவுண்ட் சவுண்டை 'பிசிஎம்' (சாதா ஸ்டீரியோ ஒலி) ஆக்குங்க. டிவியில 'கிளியர் வாய்ஸ்' ஆன் பண்ணுங்க. ஆப்ல ஆடியோ பட்டியல்ல 5.1 இல்லாத தமிழ் இருந்தா அதையே எடுங்க. பேஸ் (அடித்தொனி) குறைங்க, பேச்சை மறைக்கிறதே அது தான்.

சுத்துறதுக்குக் காரணம் கணக்குலயே இருக்கு. நெட்ஃபிளிக்ஸ் 'மீடியம்' தரத்துல மணிக்கு 0.7 ஜிபி. 2 மணி 38 நிமிஷப் படத்துக்கு 1.8 ஜிபிக்கு மேல வேணும், உங்ககிட்ட 1.5. இரண்டு மணி நேரம் தாண்டினதும் வேகம் படுத்துடும், சரியா கடைசி அரை மணி நேரம் தான் மாட்டும். 'லோ' வெச்சா மணிக்கு 0.3 தான், ஆனா 43 இஞ்ச்ல இந்த மாதிரி இருட்டுக் காட்சி கட்டம் கட்டமா உடையும். பேசாம இரண்டு ராத்திரியா பிரிச்சுப் பாருங்க.

தென்பெண்ணைக் கரை (காவேரிப்பட்டணம்):
சுழல் பத்தி மட்டும் சொல்றேங்க.

முதல் சீசன் 2022 ஜூன்ல வந்தது. எழுத்து புஷ்கர்–காயத்ரி, இயக்கம் பிரம்மாவும் அனுசரணும், எட்டு எபிசோடு. சாம்பலூர்ங்கிற கற்பனை ஊர், சிமெண்ட் ஆலை தீப்பிடிக்கிற அதே ராத்திரியில தொழிற்சங்கத் தலைவரோட சின்னப் பொண்ணு காணாமப் போறா. இதைச் சுத்தி அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளை. நம்ம பக்கத்து ஆளுங்க அதை வெறும் பின்னணியா பார்த்துட்டுப் போயிடக்கூடாது.

ஈசன் கையில ஒட்டிக்கிட்ட பிரம்ம கபாலம், போடுற சோத்தையெல்லாம் அதுவே தின்னுடும். அங்காளம்மன் மயானத்துல சோத்தை இறைப்பா. ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழ இறங்கும், காலால மிதிச்சுடுவா. இங்க மாசி அமாவாசையில சுண்டல், கொழுக்கட்டை, அவிச்ச தானியம், சில்லறைக் காசுன்னு சூறை விடுறது அந்தக் கணத்தை நினைச்சுத்தான். ஒட்டிக்கிட்டு விடாத ஒண்ணை ஆசை காட்டி வெளியில இறக்குறது. துப்பறியும் கதையும் அதே தானே? குற்றம் வீட்டுக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கு, அதை வெளியில வரவைக்கணும். திருவிழாவும் வழக்கும் ஒரே எலும்புக்கூட்டுல நிக்கிறதால தான் முதல் சீசன் இறுக்கமா இருக்கு.

"மயானக் கொள்ளை ஒரு நாள் தானே, தொடர்ல இத்தனை நாள் காட்டுறாங்களே"ன்னு சிலர் குறை சொல்வாங்க. அது குறை இல்லை. மேல்மலையனூர்ல சிவராத்திரிக்குக் கொடியேத்தி, மறுநாள் மயானக் கொள்ளை, ஐந்தாம் நாள் தீமிதி, ஏழாம் நாள் தேர்னு பெருவிழாவாவே நடக்கும்.

இரண்டாம் சீசன் 2025 பிப்ரவரி 28. பிரம்மாவோட சர்ஜுன் சேர்ந்து இயக்கினது. வக்கீல் செல்லப்பா கொலை. எட்டுப் பொண்ணுங்க தனித்தனியா "நான் தான் செஞ்சேன்"னு ஒத்துக்கிறாங்க. இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது. ஆனா எட்டுப் பேருன்னா எட்டு முன்கதை வேணும். எட்டே எபிசோடுல அதோட முதல் சீசன்ல வந்த நந்தினியோட சிறைக் கதை, போலீஸ்காரர் சக்கரையோட விசாரணை எல்லாம் போட்டா, நடு எபிசோடுகள்ல ஃபிளாஷ்பேக் குவிஞ்சு விசாரணை நின்ன இடத்துலயே நிக்குது. இந்த சீசன்ல வர்ற திருவிழாவோட அஷ்டகாளி வேஷம் கண்ணுக்கு அழகு, குலசை தசரா ஞாபகம் வரும். ஆனா அது வழக்கோட முடிச்சை அவிழ்க்கிறதில்லை, பக்கத்துல நடந்துக்கிட்டு இருக்கு. உங்க வீட்டுல "முதல் அளவுக்கு இல்லை"ன்னு சொன்னது சரி தான்.

பென்னாகரம் ரசிகை:
அண்ணா, மெய்யழகனை இன்னொரு தடவை போடுங்க, தயவுசெஞ்சு.

நீளம்னு சொன்னவங்க உங்க வீட்டுல மட்டும் இல்லை. 2024 செப்டம்பர் 27 தியேட்டருக்கு வந்தப்போ 177 நிமிஷம். வந்த சில நாள்லயே சுமார் 18 நிமிஷம் வெட்டினாங்க. என் அபிப்பிராயம், வெட்டினதால அது வேகமான படம் ஆகிடலை, ஆகவும் வேண்டியதில்லை. 1996ல சொத்துத் தகராறுல தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அருள்மொழி, 2018ல நீடாமங்கலத்துக்குக் கல்யாணத்துக்கு வர்றார். உயிரா பழகுற ஒருத்தனோட பேரு ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம். கதை அவ்வளவு தான். அந்தக் கூச்சம் ராத்திரி முழுக்க வளரணும். ஒரு மணி நேரத்துல சொன்னா அது வெறும் மறதி. விடிய விடிய அன்பை வாங்கிக்கிட்டும் பேரு தெரியலைன்னா தான் அது குற்ற உணர்ச்சி ஆகும்.

நம்ம ஊருல பாரதக் கூத்து விடிய விடிய பார்க்கிறவங்களுக்கு இது புதுசு இல்லையே. அர்ச்சுனன் தபசுல கம்பம் ஏறுறதை யாரும் "சீக்கிரம் ஏறு"ன்னு சொல்றதில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. மெதுவா போறது வேற, இழுக்கிறது வேற. ஒரு காட்சியை எடுத்துட்டா அடுத்த காட்சியோட கனம் குறையுதான்னு பாருங்க. குறைஞ்சா அது மெது. குறையலைன்னா இழுவை. சுழல் 2ல நாலாவது, அஞ்சாவது எபிசோடுல தாராளமா எடுக்கலாம்.

மண்டபத்துல கல்யாணப் பொண்ணு புவனா, அண்ணன் அருள்மொழி கொடுத்த பரிசை மேடையிலேயே பிரிச்சு அங்கேயே போட்டுக்கிற காட்சியை மட்டும் சரியான ஒலியோட திரும்பப் பாருங்க. வசனம் ரொம்பக் கம்மி. அருள்மொழி முகத்துல இருபது வருஷம் இறங்குறது தெரியும். அதைப் பிடிச்சவங்க ராத்திரிக் காட்சிக்குக் கண்டிப்பா உட்காருவாங்க.

பொண்ணுக்கு: சுழல் முதல் சீசன் வேண்டாம், சிறுமிகள் மேல நடக்கிற பாலியல் வன்முறை அதோட மையம், நீங்க முதல்ல பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. 'அயலி' போடுங்க. ஜீ5ல 2023 ஜனவரி 26ல வந்தது, முத்துக்குமார் இயக்கினது. 1990ல புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். வயசுக்கு வந்தா படிப்பை நிறுத்திக் கல்யாணம் பண்ற ஊருல, டாக்டராகணும்னு தமிழ்ச்செல்வி அதையே மறைக்கிறா. எட்டும் சின்னச் சின்ன எபிசோடு, ராத்திரிக்கு இரண்டுன்னா நாலு நாள். சிரிச்சுக்கிட்டே பார்க்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரியில குழந்தைத் திருமணம் இன்னும் நிக்காத விஷயம்ங்கிறதால, அம்மா பாத்திரம் (அனுமோல்) வர்ற இடத்துல எல்லாம் பெரியவங்களும் கூட உட்காரட்டும்.

பாலக்கோடு பார்வை:
எல்லாருக்கும் நன்றிங்க. சினிமா மோடு போட்டதும் ராத்திரிக் காட்சி துலக்கமா தெரியுது. பிசிஎம் மாத்தினதும் பேச்சும் கேட்குது. ஆனா ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டா உதடு முதல்ல, சத்தம் பின்னாடி வருது. இதுக்கு என்ன பண்றது?

ஓசூர் ஒலி ஒளி:
ப்ளூடூத்ல ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிக்கிற நேரம் தான் அது. ஃபயர் ஸ்டிக்ல அதே ஆடியோ பக்கத்துல 'ஏவி சிங்க்'னு இருக்கும், திரையில வர்ற பந்து கோட்டைத் தொடுற நேரமும் 'டிக்' சத்தமும் ஒண்ணாகிற வரைக்கும் நகர்த்துங்க. ஸ்பீக்கர்ல ஆக்ஸ் ஓட்டை இருந்தா டிவியோட ஹெட்போன் ஓட்டைல இருந்து ஒரு 3.5 மிமீ வயர் போட்டுடுங்க, தாமதமே இருக்காது. ஸ்பீக்கரை டிவிக்குக் கீழ நடுவுல வைங்க, ஓரத்துல வேண்டாம்.